ஒரு பைட் குறைவாக ஒதுக்கி மாட்டிக்கொண்டவர்கள் இங்கே வாருங்கள்

ராத்திரி_பில்ட்:
ஆறு வருஷமாகியும் மண்டையை விட்டுப் போகவில்லை. கல்யாண மண்டபத்து கேமராவிலிருந்து ஆர்டிஎஸ்பி (நெட்வொர்க்கில் நேரலை வீடியோ பெறும் முறை) வழியாகப் படம் இழுத்து வெளியூர் சொந்தங்களுக்கு நேரலை காட்டும் மென்பொருள், நாங்கள் எழுதியது. ஒரே ஒரு மண்டபத்தில் மட்டும் கிராஷ், அதுவும் ஓடத் தொடங்கி ஒரு நிமிஷம் கழித்து, ஆடியோ டீகோடர் (சுருக்கிய ஒலியை விரிக்கும் பகுதி) மெமரியை ஃப்ரீ பண்ணும், அதாவது திருப்பிக் கொடுக்கும் இடத்தில். இரண்டு நாள் ஆடியோ பார்த்தவரைத் திட்டித் தீர்த்தோம். மூன்றாம் நாள் விடியற்காலை, பின்னால் நாதஸ்வரம் கேட்கிறது, மண்டபத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் போனில், "தம்பி, கேமரா பாஸ்வேர்ட மாத்துனேன், இப்ப ஓடுது" என்கிறார். கடைசியில் ஒரே ஒரு எழுத்து சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம் உட்கார்ந்து எண்ணினேன். கேமராவின் ஆர்டிஎஸ்பி முகவரிக்குள்ளேயே பாஸ்வேர்டும் வரும், பழையதோடு அந்த முகவரி சரியாக 56 எழுத்து. எவனோ (நான்தான்) மாலாக்குக்கு (மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) ஸ்ட்ர்லென்னை (எழுத்துகளின் நீளம்) மட்டும் கொடுத்து, எழுத்து முடிந்தது என்று காட்டக் கடைசியில் வரும் பூஜ்ய பைட்டுக்கு இடமே விடவில்லை. 64 பிட் ஜிலிப்சியில் (லினக்ஸின் சி லைப்ரரி) 55 கேட்டால் 56 கிடைக்கும், 57 கேட்டால் 72 கிடைக்கும், அதனால் பூஜ்யம் மிச்ச இடத்தில் விழுந்து யாருக்கும் தெரியாமல் போகும். நீளம் 24, 40, 56, 72 என்று அமைந்தால்தான் அடுத்த மெமரி துண்டின் அளவு எழுதியிருக்கும் இடத்திலேயே போய் விழும், அதை ஃப்ரீ பண்ணப் போகும்போது கிராஷ்.

பழைய_சி_காரன்:
உங்களுக்காவது கிராஷ் ஆனது, கொடுத்துவைத்தவர். எங்களுக்கு அதுகூட ஆகவில்லை. ஸ்ட்ரக்டில் (பல தகவல்களை ஒன்றாக வைக்கும் அமைப்பு) தலைப்புக்கு 64 பைட், அதற்கு அடுத்தே ஸ்ட்ரீம் கீ (நேரலை அனுப்பும் ரகசியக் குறியீடு). ஸ்ட்ர்என்காப்பி (கொடுத்த அளவுக்கு மேல் எழுதாமல் காப்பி பண்ணும் ஃபங்ஷன்) இருக்கிறதே என்ற தைரியம். இங்கிலீஷ் தலைப்பு வந்தவரை சரி. யூடிஎஃப் 8 என்ற எழுத்துக் குறியீட்டில் தமிழுக்கு ஒரு குறிக்கு 3 பைட், 'திருமண நேரலை' என்பதற்கே 34 போய்விடும், மணமக்கள் பெயர் சேர்ந்தால் 64 எந்த மூலைக்கு? தாண்டிவிட்டால் ஸ்ட்ர்என்காப்பி கடைசியில் பூஜ்யமும் போடாது. திரையில் மணமகள் பெயர் பாதியில் அறுந்து, அதை ஒட்டியே ஸ்ட்ரீம் கீ முழுசாக ஓடுகிறது. மாப்பிள்ளையின் மாமா போன் போட்டு, "கீழ ஓடுதே நம்பர், அதுக்குத்தான் மொய் அனுப்பணுமா?" என்று கேட்டார்.

லாக்_பார்ப்பவள்:
என் கதை ஒரு வரிதான்: பாயின்டருக்கு (மெமரி இடத்தைக் காட்டும் மாறி) சைஸ்ஆஃப் போட்டு, தகவலின் அளவுக்குப் பதில் பாயின்டரின் அளவான 8 பைட் ஒதுக்கினேன், டெமோவில் செத்தது. ஆனால் முதல் பதிவு போட்டவர் இரண்டு நாள் ஒருவரைத் திட்டியதை ஏற்க முடியவில்லை. ஹீப் (மாலாக் இடம் எடுக்கும் மெமரி பகுதி) கெட்டிருந்தால் கிராஷ் ஆகும் இடம் பெரும்பாலும் அப்பாவியின் இடம். அட்ரஸ் சானிடைசர் (மெமரி தவறுகளைப் பிடிக்கும் கருவி, எங்கள் டீமில் 'ஆசான்') போட்டு பில்ட் பண்ணியிருந்தால் முதல் ஓட்டத்திலேயே எந்த வரி, எத்தனை பைட் தாண்டியது என்று கையில் கொடுத்திருக்கும். வேகம் சுமார் பாதியாகும், பரவாயில்லை. வால்கிரைண்ட் (இதே வேலைக்கான இன்னொரு கருவி) நேரலைக்கு ஒத்துவராது, அது இருபது மடங்குகூட இழுக்கும், ஃப்ரேம் எல்லாம் விழுந்து வேறு ஏதோ புரோகிராமைச் சோதித்த மாதிரி ஆகிவிடும். முகவரி சேர்க்க நீளத்தைக் கையால் கூட்டவே கூட்டாதீர்கள், தேவையான இடத்தைத் தானே ஒதுக்கிக்கொள்ளும் ஏஎஸ்பிரிண்ட்எஃப் இருக்கிறது. பழைய சி காரரே, நீங்கள் எஸ்என்பிரிண்ட்எஃப் போடுங்கள், அது அளவுக்குள் வெட்டி பூஜ்யமும் போடும், ஆனால் அது திருப்பித் தருவது வெட்டிய நீளம் இல்லை, வெட்டாமல் இருந்தால் வந்திருக்கும் நீளம். அதை அப்படியே ஆஃப்செட்டாக (அடுத்து எழுதத் தொடங்கும் இடமாக) வைத்து அடுத்ததை ஒட்டினால் மறுபடியும் இங்கேதான் வருவீர்கள்.

ராத்திரி_பில்ட்:
மேடம், நேரலை ஓடும் அந்தச் சின்ன பெட்டியில் ஆசானுக்கு மெமரி பத்தாது. அன்றைக்கு நீளத்தோடு +1 போட்டு அனுப்பினேன். அதே வரியை இன்னும் நாலு ஃபைலில் காப்பி அடித்திருந்தது அடுத்த முகூர்த்த மாசத்தில்தான் தெரிந்தது.