நங்கூர வின்ச்சுக்கு கார் சோலினாய்டு போடலாமா?

கடலோடி: படகில் நங்கூரச் சங்கிலியை இழுக்கும் 12 வோல்ட், 1000 வாட் மோட்டார் வின்ச். நேற்று சுவிட்சிலிருந்து கையை எடுத்த பிறகும் சங்கிலி ஏறிக்கொண்டே இருந்தது. பேட்டரி வயரைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். சோலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச்) உள்ளே இருக்கும் காண்டாக்ட், அதாவது தொடு முனை, ஒட்டிவிட்டது. கார் ஸ்டார்ட்டர் சோலினாய்டு மலிவு, போடலாமா?

வயர்மேன்: வேண்டாம் அண்ணே. அது சில நொடி வேலைக்கு. நிமிடக்கணக்கில் பிடித்தால் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) வெந்துவிடும். மோட்டாரில் எத்தனை முனை? இரண்டு என்றால் துருவம் மாற்றும் ரிவர்சிங் சோலினாய்டு. மூன்று என்றால் ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று.

கடலோடி: இரண்டுதான். வயர் 16 சதுர மில்லிமீட்டர், போக வர 14 மீட்டர்.

வயர்மேன்: அட, கோளாறே அங்கேதான்! 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இவ்வளவு நீளத்துக்கு இந்த வயர் மெலிசு, வோல்ட் இறங்கும். வோல்ட் இறங்கினால் காயில் பிடி தளர்ந்து, காண்டாக்ட் பொறிந்து ஒட்டும். 35 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள். அப்புறம், பேட்டரி பக்கம் ஒரு பிரேக்கர் (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்).