கலைச்சொல் தேவை: விசுவாச அறிக்கையின் கீழ் போதகர் இடும் கையொப்பம்

அனைவருக்கும் வணக்கம்.

நெதர்லாந்தின் சீர்திருத்த சபைகளை (கால்வின் வழிவந்த புரோட்டஸ்டன்ட் சபைகளை) பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். போதகரும் மூப்பரும் பதவி ஏற்கும்போது சபையின் விசுவாச அறிக்கையை ஏற்றுக் கையொப்பமிடுகிறார்கள் அல்லவா, ஆங்கிலத்தில் அதற்கு 'சப்ஸ்கிரிப்ஷன்' என்கிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பிடம் கேட்டால் 'விசுவாச அறிக்கைச் சந்தா' என்கிறது! நான் 'உடன்படிக்கை' என்று போட்டு வைத்திருக்கிறேன். சரிதானா? சபைகள் அந்த அறிக்கையை விட்டு மெல்ல அகல்வதற்கும், பின்னர் தங்களுக்குள் இணைவதற்கும் சொற்கள் வேண்டும்.

---

தம்பி, வணக்கம்.

'உடன்படிக்கை' வேண்டாம். வேதாகமத்தில் அது ஆபிரகாமோடு கடவுள் செய்தது. சீர்திருத்த இறையியலுக்கு அந்தச் சொல்தான் முதுகெலும்பு, அதை வேறு வேலைக்கு எடுக்க முடியாது. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் உள்ள கிறிஸ்தவ சீர்திருத்த சபை 2012இல் பழைய கையொப்பப் படிவத்தை எடுத்துவிட்டு, புதிய படிவத்துக்கு 'உடன்படிக்கை' என்றே பெயர் வைத்தது. பழையதையும் புதியதையும் ஒரே சொல்லால் எழுதினால் அங்கே எது மாறியது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சினாடு, அதாவது சபைப் பேரவை (1618–19), வகுத்த படிவத்தைப் பாருங்கள். நம் மனுக்களில் வருகிற மாதிரியே 'கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள்' என்றுதான் தொடங்கும். பெல்ஜிய விசுவாச அறிக்கை, ஹைடல்பெர்க் வினாவிடை, டோர்ட் நியதிகள் ஆகிய சபையின் அறிக்கைகள் மூன்றும் எல்லாவற்றிலும் கடவுளின் வார்த்தையோடு ஒத்திருக்கின்றன என்று ஒப்புவார்கள். அதையே போதிப்போம், எதிரான போதனையை மறுப்போம் என்பார்கள். என்றாவது மாற்றுக்கருத்து தோன்றினால் பிரசங்கத்தில் சொல்லாமல் முதலில் சபை மன்றத்திடம் சொல்வோம், அதன் தீர்ப்புக்குக் கீழ்ப்படிவோம் என்றும் வாக்குக் கொடுப்பார்கள். தவறினால் பதவி போகும். வெறும் 'உறுதிமொழி' இத்தனையையும் தாங்காது.

என் பரிந்துரை 'அறிக்கையொப்பம்'. ஒப்பம் கையெழுத்தும் ஆகும், இசைவும் ஆகும்.

இதற்குள் இரண்டு வகை உண்டு, அவற்றுக்கும் சொல் தேவைப்படும். கடவுளின் வார்த்தையோடு ஒத்திருப்பதால் ஏற்கிறேன் என்பது ஒன்று. ஒத்திருக்கும் அளவுக்கு ஏற்கிறேன் என்பது மற்றொன்று. இரண்டாவது வகையில் எந்த நூலின் கீழும் கையெழுத்துப் போடலாம், பஞ்சாங்கத்தின் கீழும் போடலாம். 1816இல் நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லெம் கொண்டுவந்த ஒழுங்குவிதியில், 'கடவுளின் வார்த்தைக்கு இசைய அறிக்கைகளில் அடங்கியுள்ள போதனை' என்ற பொருளில் வாசகம் அமைந்தது. இசைவதாலா, இசையும் அளவுக்கா? அந்தச் சண்டை அந்த நூற்றாண்டு முழுக்க ஓடியது. 1834இல் உல்ரும் ஊரின் போதகர் ஹென்ட்ரிக் டெ காக் தன் சபையோடு அரசு ஆதரவு பெற்ற சபையிலிருந்து பிரிந்து போனதற்கும், 1886இல் இறையியலாளர் ஆபிரகாம் கைப்பர் அதிலிருந்து வெளியேறியதற்கும் பின்னணியில் இதுவும் உண்டு. நம் 'இசைய' என்ற எச்சம் அந்த மங்கலை அப்படியே தருகிறது, அதை விட்டுவிடாதீர்கள். வகைகளை 'ஆதலொப்பம்', 'அளவொப்பம்' என்று சொல்லலாம்.

---

ஐயாவுக்கும் கேள்வி கேட்ட தம்பிக்கும் வணக்கம்.

அளவொப்பம் நன்றாக இருக்கிறது. ஆதலொப்பத்தைக் கேட்டால் ஆடல், காதல் எல்லாம் நினைவுக்கு வருகிறது. அதற்குப் பதில் 'முழுவொப்பம்' என்று வைத்தால் என்ன?

என் பெரிய தடை வேறு. ஒப்பம் போடுவது ஒரு நாள் வேலை. அந்த நாட்டுக்காரர்கள் அதிகம் வாதாடுவது கையெழுத்தைப் பற்றியல்ல, அது எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பதைப் பற்றித்தான். 1944 பிளவையே பாருங்கள். ஞானஸ்நானம் பெறும் குழந்தைகளைப் பற்றிய தன் விளக்கத்தையும் போதகர்கள் ஏற்றாக வேண்டும் என்று சினாடு நிர்ப்பந்தித்தது. பேராசிரியர் கிளாஸ் ஸ்கில்டர் மறுத்தார், பதவியிழந்தார், 'விடுதலைபெற்ற' சபைகள் பிறந்தன. அறிக்கைக்கு மேலேயும் கட்டாதே என்பது அவர்கள் வழக்கு. அதே சபைகள் 1967 வாக்கில் தங்களில் ஒரு பகுதியினரை, கட்டு தளர்ந்தவர்கள் என்று ஒதுக்கியதும் நடந்தது. ஆகவே செயலுக்கு 'அறிக்கையொப்பம்', அதனால் வரும் பிணைப்புக்கு 'அறிக்கைக்கட்டு' என்று இரண்டு சொல் வைக்கலாம். ஊர்க்கட்டு என்கிறோமே, அந்தக் கட்டு.

அப்படி வைத்தால் அகல்வதற்கு 'கட்டுத்தளர்வு' தானாகவே கிடைத்துவிடும். 'வழுவல்', 'விசுவாசத் துரோகம்' என்றெல்லாம் போட்டால் கட்டுரை ஒரு கட்சியின் துண்டறிக்கை ஆகிவிடும். ஊரடங்குக்குப் பிறகு 'தளர்வு' பலருக்கு நிம்மதி தரும் சொல். எனவே அதை வரவேற்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் ஒருசேரப் பயன்படுத்தலாம்.

---

இரண்டும் பொருந்துகின்றன, நன்றி. இணைவதற்கு 'ஐக்கியம்' போடட்டுமா?

---

'ஐக்கியம்' வேண்டாம் தம்பி. ஆற்காடு மிஷன் சபைகள் அமெரிக்க சீர்திருத்த சபையிலிருந்து வந்து 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் இருந்தன, அங்கிருந்து 1947இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் போயின. நம் ஆட்களுக்கு ஐக்கியம் என்றால் அந்த நினைவுதான், தவிர அது ஞாயிறு கூட்டுறவையும் குறிக்கும்.

2004இல் நெதர்லாந்து புரோட்டஸ்டன்ட் சபை உருவானதை 'இணைவு' என்று எழுதுங்கள். அதில் லுத்தரன் சபையும் சேர்ந்தது. அதனால் லுத்தரன்களின் அவுக்ஸ்புர்க் அறிக்கையும் ஹைடல்பெர்க் வினாவிடையும் ஒரே சபை ஒழுங்கில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இத்தனை அறிக்கைகளுக்கும் ஒரே நேரத்தில் முழுவொப்பம் சாத்தியமா என்று எனக்குச் சந்தேகம்தான். அந்த இணைவை ஏற்காத ஒரு பகுதியினர் தனிச் சபையாக நின்றார்கள்.

2023 மே 1இல் விடுதலைபெற்ற சபைகளும், 1967இல் ஒதுக்கப்பட்டவர்களின் சபைகளும் சேர்ந்தது வேறு கதை. ஒரே வீட்டுக்காரர்கள். அதற்கு 'மறுஇணைவு'. அறிக்கைக்கட்டு எத்தனை இறுக்கம் என்பதில் நெடுநாள் பேச்சு இழுத்தது. பிறகு 2017இல் மெப்பல் சினாடில் விடுதலைபெற்ற சபைகளும் பெண்களுக்கு எல்லாப் பதவிகளையும் திறந்தன, இணைப்புக்கு வழி திறந்தது. உலகளாவிய சீர்திருத்த சபைகளின் மாநாடு அதே ஆண்டு விடுதலைபெற்ற சபைகளை இடைநீக்கி, 2022இல் உறுப்பினர் பட்டியலிலிருந்தே எடுத்தது. வீட்டுக்குள் ஒன்றானார்கள், வெளியே உறவு முறிந்தது.

---

இதில் இன்னொரு தலைவலி. புதிய சபையின் டச்சுப் பெயருக்கும், அதில் இணைந்த இரண்டில் ஒன்றின் பழைய பெயருக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. தமிழில் இரண்டுமே 'நெதர்லாந்து சீர்திருத்த சபைகள்' ஆகிவிடும். பழையதை '1967 சபைகள்' என்றும் புதியதை '2023 சபைகள்' என்றும் எழுதிவிட்டுப் போங்கள். அழகில்லைதான், குழப்பம் வராது.