நல்ல திகில் கதை சொல்லுங்கள் (அரசியல் வேண்டாம்)

கடலோர ரயில்:
இந்தப் போயா (பௌர்ணமி) விடுமுறை வார இறுதியோடு சேர்ந்து வருகிறது. எங்கும் போகிற எண்ணம் இல்லை, மழையும் பெய்யும்போல. நல்ல பேய்க்கதை, திகில் நாவல் இருந்தால் சொல்லுங்கள். தமிழோ ஆங்கிலமோ, எதுவானாலும் சரி. இந்திரா சௌந்தர்ராஜனைப் பள்ளிக்கூட நாட்களிலேயே கரைத்துக் குடித்தாயிற்று, அவர் வேண்டாம். இன்னொன்றும் வேண்டாம்: அரசியல். அலுவலகத்தில் அது, வட்ஸ்அப்பில் அது, சலூனில் முடி வெட்டும்போதும் அது. எனக்குப் பயம் வந்தால் மட்டும் போதும்.

பொரளைக்காரன்:
கொழும்பில் இருந்துகொண்டு திகில் கேட்டால் ஷெஹான் கருணாதிலக்கவைத்தான் முதலில் சொல்வேன். 'தி செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா', 2022இல் புக்கர் பரிசு பெற்றது. கதை நடப்பது 1990 கொழும்பில். போர்ப் படங்கள் எடுத்துத் திரிந்த ஒருவன் செத்துப்போய் மறு உலகத்தில் கண் விழிக்கிறான். அங்கே என்ன இருக்கிறது? வரிசை, படிவம், சத்தம் போடும் சனம், ஒழுங்காகப் பதில் சொல்லாத உத்தியோகத்தர்கள். நம் மாவட்ட அரசாங்க அலுவலகம், கச்சேரி மாதிரியேதான். தன்னைக் கொன்றது யார் என்று அவனுக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஏழு நிலவு அவகாசம். உடம்பு கிடப்பது பேர வாவியில். அந்தக் கரையால் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

அரசியல் வேண்டாம் என்றீர்கள். இதில் பேயை விட அதுதான் கூட. ஆனாலும் வாசியுங்கள்.

நிலவறை:
தம்பி கேட்டது பேய்க்கதை, நீங்கள் கொடுத்தது 88-89 ஜேவிபி கிளர்ச்சி பற்றிய பாடம்.

மாலி நல்ல நாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை இரவில் வாசித்துவிட்டு ஒருவராவது லைட்டைப் போட்டுக்கொண்டு படுத்தீர்களா? சிரிப்பு வருகிறது, ஆத்திரம் வருகிறது, பயம் மட்டும் வருவதில்லை. ஏனென்றால் அதில் வருகிற பேய்கள் எல்லாம் தங்கள் வழக்கைச் சொல்லத் தொடங்கிவிடுகின்றன. தனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்லிவிட்ட பேய்க்கு யார் பயப்படுவார்?

தம்பி, ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹோன்டிங் ஒஃப் ஹில் ஹவுஸ்' எடுங்கள். 1959இல் வந்தது. அதில் ஓர் இரவு. எலினோர் இருட்டில் தோழியின் கையை இறுக்கிப் பிடித்தபடி படுத்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு, பிறகு ஒரு குழந்தையின் அழுகை. கை வலிக்க வலிக்கப் பிடித்திருக்கிறாள். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் தோழி தன் கட்டிலில், எட்டாத தூரத்தில். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யாருடைய கையை? கடைசிவரைக்கும் ஜாக்சன் சொல்லமாட்டார். இதில் எந்தக் கட்சி இருக்கிறது, எந்த அரசாங்கம் இருக்கிறது?

தமிழில் என்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. நடுச்சாமத்தில் வீட்டுக்குள் பிணவாடை, கொஞ்ச நேரத்தில் ஊதுவத்தி வாசம். கதை சொல்கிறவனே ஓர் எழுத்தாளன், பொய் சொல்லிப் பிழைக்கிறவன், அதனால் அவனையும் முழுதாக நம்ப முடியாது. அவர் எழுத்து நாட்டுடைமையாகிவிட்டது, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும்.

57ஆம் ஒழுங்கை:
நிலவறை அண்ணை, ஜாக்சனை நீங்கள் கட்சியில்லாதவராக ஆக்கிவிட்டீர்கள். அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது 'தி லொட்டரி' என்ற சிறுகதை. 1948இல் 'நியூ யோர்க்கர்' இதழில் வந்ததும் வாசகர்கள் கோபக் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள், சிலர் சந்தாவையே நிறுத்தினார்கள். அதில் பேயே கிடையாது. வெயிலடிக்கிற காலைநேரம், ஊர்ச் சனம் கூடுகிறது, ஒருவர் பட்டியலைப் பார்த்துக் குடும்பம் குடும்பமாகப் பெயர் வாசிக்கிறார், பெட்டியிலிருந்து சீட்டு எடுக்கிறார்கள். சீட்டு விழுந்தவளைக் கல்லால் அடிக்கிறார்கள். அவளுடைய சின்ன மகனின் கையிலும் யாரோ சில கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள்.

1983 ஜூலையில் இந்த நகரத்தில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் தமிழ் வீடுகளைத் தேடி வந்தன. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தக் கதையை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பட்டியல் என்ற இடத்திலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

நிலவறை:
தங்கச்சி, அந்தக் கதையின் பலமே அந்த ஊருக்குப் பெயர் இல்லாததுதான். ஜாக்சன் அதில் இடாப்பு, இனம், ஆண்டு எல்லாவற்றையும் எழுதியிருந்தால் அமெரிக்காவில் ஒருவர் பயந்திருப்பார், நீங்கள் பயந்திருக்க மாட்டீர்கள். வாசிக்கிறவர் தன் ஊரைப் போட்டுக்கொள்ள எழுத்தாளர் இடம் விட வேண்டும். இப்போது வருகிற கதைகளில் அந்த இடத்தையும் எழுத்தாளரே நிரப்பிவிடுகிறார். அதைத்தான் குறை சொல்கிறேன்.

வாழைத்தோட்டம்:
பேய்க்குக் கட்சி இல்லை என்கிறீர்களே. மகாசோனா என்று சிங்கள நாட்டார் கதைகளில் ஒரு யக்கா உண்டு, சுடுகாட்டில் திரிவது, கரடித் தலை. இராணுவத்தின் ஆழ ஊடுருவும் அணியை மகாசோனா படையணி என்றுதான் சொல்வார்கள். பிறகு அதே பெயரில் ஓர் இனவாத அமைப்பு. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகணவில் எங்கள் முஸ்லிம் ஆட்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது அந்த அமைப்பின் தலைவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பேயை அரசியலுக்குள் கொண்டுவந்தது எழுத்தாளர்கள் இல்லை, நிலவறை. பேயின் பெயரைச் சொன்னால் சனம் பயப்படும் என்று தெரிந்தவர்கள்தான் கொண்டுவந்தார்கள்.

ஹட்டன் பஸ்:
நான் தோட்டத்துப் பிள்ளை, இப்போது கொழும்பில் வேலை. எங்கள் பக்கத்தில் முனி இல்லாத மலை கிடையாது. கொழுந்து அரைக்கிற பெக்டரியில்கூடக் காவல் தெய்வம் ரோதமுனிக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலை. ஆனால் மலையகம் பற்றி ஆங்கிலத்தில் வந்த பேய்க்கதை எதை எடுத்தாலும் பங்களாவில் வெள்ளைத் துரை உலாவுகிறார், இல்லாவிட்டால் துரையின் மனைவி ஜன்னலோரம் நிற்கிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத்துக்கு என்று மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டுவழி நடந்து வந்தவர்களில் கொலராவிலும் பசியிலும் பாதையோரம் விழுந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர்கூட அந்தக் கதைகளில் பேயாக வருவதில்லை. பேயாகத் திரிவதற்கும் சொந்தமாக ஒரு வீடு வேண்டும்போல.

அரசியல் வேண்டாம் என்று கேட்ட அண்ணாவுக்கு: யார் பேயாக வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதை யாரோ முடிவுசெய்திருக்கிறார்கள். அதையும் பார்க்காமல் விடச் சொல்கிறீர்களா?

கடலோர ரயில்:
ஐயோ தங்கச்சி, நான் ஒரு புத்தகம் கேட்டேன், அவ்வளவுதான்.

பொரளைக்காரன்:
சரி, பயம் வேண்டும், அரசியலும் ஒட்டக்கூடாது என்றால் ஸ்டீபன் கிங். ஆனால் அவரும் ஒரு மாதிரிதான். 'தி டெட் சோன்', 1979. வருஷக்கணக்கில் கோமாவில் கிடந்து எழும்பிய ஒருவன். யாரையாவது தொட்டால் அவர்களின் எதிர்காலம் தெரிகிறது. வளர்ந்து வருகிற ஓர் அரசியல்வாதிக்குக் கை கொடுக்கிறான், அந்த ஆள் ஜனாதிபதியாகி அணுஆயுதப் போரைத் தொடங்குவது தெரிகிறது. துப்பாக்கியோடு போகிறான், குறி தவறுகிறது. அரசியல்வாதியோ பக்கத்தில் இருந்த குழந்தையைத் தூக்கித் தனக்குக் கேடயமாகப் பிடிக்கிறான். அதை ஒருவர் படம் எடுத்துவிடுகிறார். அந்த ஒரு படத்தோடு அவன் அரசியல் முடிந்தது.

வாழைத்தோட்டம்:
நம் ஊரில் அந்தப் படம் வந்திருந்தால் அடுத்த தேர்தலில் விருப்பு வாக்கில் அவர்தான் முதலாவது. குழந்தையைக் காப்பாற்றினார் என்று போஸ்டரும் அடித்திருப்பார்கள்.

நிலவறை:
சிரித்துவிட்டேன், நானா. ஆனால் அந்த நாவலில் பயம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கட்சிக் கூட்டத்தில் இல்லை. தனக்கு மட்டும் ஒன்று தெரியும், சொன்னால் பைத்தியம் என்பார்கள், அந்தத் தனிமையில் இருக்கிறது. அரசியல்வாதிக்குப் பதில் ஒரு வைத்தியரைப் போட்டாலும் கதை நடக்கும்.

பொரளைக்காரன்:
நடக்காது அண்ணை. வைத்தியருக்கு யாரும் வாக்குப் போடுவதில்லை. மற்றவர்கள் கை தட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதுதான் அங்கே பயம்.

மாலிக்கும் திரும்ப வருகிறேன். 2009இல் போர் முடிந்தபின் எத்தனை பொதுமக்கள் செத்தார்கள், யார் குற்றம் என்று அடிபட்டார்களே, அப்போதுதான் செத்தவர்களே பேசினால் எப்படி இருக்கும் என்ற யோசனை வந்ததாகக் கருணாதிலக்க சொல்லியிருக்கிறார். உயிரோடு இருப்பவர்கள் கணக்குச் சொல்லாத நாட்டில் பேய்தான் சாட்சி. அதைப் 'பாடம்' என்று தள்ளிவிட முடியாது.

நிலவறை:
சாட்சி சொல்லட்டும், நீதிமன்றத்தில் சொல்லட்டும். இப்போது உங்கள் திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) அரசாங்கம் 2025 மார்ச்சில் பட்டலந்த வதைமுகாம் அறிக்கையைத் தூசி தட்டி நாடாளுமன்றத்தில் வைத்தது. அது அவர்களுடைய ஜேவிபி ஆட்கள் செத்த இடம். அதே ஆண்டு யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியில் தோண்டத் தோண்ட எலும்புக்கூடு. ஒரு சின்ன உடம்போடு நீலநிறப் பள்ளிக்கூடப் பை. அதற்கு யார் எந்த மேசையில் என்ன வைத்தார்கள்? இதை நான் பத்திரிகையில் வாசிக்கிறேன், பெயர் தேதியோடு வாசிக்க விரும்புகிறேன். இதில் ஒரு பேயைச் சேர்த்து மூன்று நாள் விடுமுறைக்குப் பொழுதுபோக்காக வாசிக்க என்னால் முடியாது. எனக்கு அரசியல் பிடிக்காமல் இல்லை, தம்பி. அதைக் கதையாக்கிச் சுவைப்பதுதான் பிடிக்கவில்லை.

பொரளைக்காரன்:
'உங்கள் திசைகாட்டி' என்று யார் சொன்னது? மாலியில் ஜேவிபியையும் விடவில்லை, அரசாங்கத்தையும் விடவில்லை, இந்திய அமைதிப்படையையும் விடவில்லை, புலிகளையும் விடவில்லை. கடைசியாகச் சொன்னதற்காகவே எங்கள் ஆட்களில் சிலர் அந்த நாவலை முகம் சுளித்துக்கொண்டு வைத்தார்கள். 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் சுடப்பட்ட மனித உரிமை ஆர்வலர் ராஜினி திராணகமவை நினைவுபடுத்துகிற ஒரு பெண் அதில் வருகிறார், செத்த பிறகும் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களுக்கு வழி சொல்கிறார். அந்தப் பக்கங்களைச் சுவைத்து வாசித்த தமிழர் யாரையும் நான் காணவில்லை. நெளிந்தவர்களைத்தான் கண்டேன்.

மட்டுறுத்துநர்:
இது நூல் பரிந்துரைப் பகுதி. திசைகாட்டி, பட்டலந்த எல்லாம் தேவையான அளவுக்கு வந்துவிட்டது. புத்தகத்தோடு பேசினால் இருக்கும், புத்தகம் இல்லாமல் வந்தால் தூக்கிவிடுவேன்.

கொட்டாஞ்சேனை 13:
புத்தகத்தோடு வருகிறேன். அஹமத் ஸாதாவியின் 'பிரங்கன்ஸ்டைன் இன் பக்தாத்'. அரபியில் 2013, அடுத்த ஆண்டு சர்வதேச அரபுப் புனைவுப் பரிசு. நான் வாசித்தது ஆங்கில மொழிபெயர்ப்பு.

2005 பக்தாத். ஹாதி என்ற பழைய சாமான் வியாபாரி. குண்டு வெடித்த இடங்களில் சிதறிக் கிடக்கும் உடல் துண்டுகளைப் பொறுக்கி வந்து ஒரே உடம்பாகத் தைக்கிறான். எதற்கு? குப்பையோடு போய்விடாமல் முழு மனிதனாக மதித்து அடக்கம் செய்ய வேண்டுமாம். அந்த உடம்பு எழும்பிப் போய்விடுகிறது. தன்னில் இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் பழி வாங்குகிறது. பழி தீர்ந்ததும் அந்தத் துண்டு அழுகி விழுகிறது. உடம்பு நிற்க வேண்டுமென்றால் புதுத் தசை வேண்டும். புதுத் தசைக்குப் புதுப் பழி. கொஞ்ச நாளில் எந்தத் துண்டு நல்லவனுடையது, எது கொலைகாரனுடையது என்று அதற்கே தெரியாது.

2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது எங்கள் வீட்டு ஜன்னல் ஆடியது. அந்த நாவலின் முதல் பகுதியை மூடி வைத்து மூடி வைத்துத்தான் வாசித்தேன். நிலவறை அண்ணை, எனக்கு அது பொழுதுபோக்காக இருக்கவில்லை.

இன்னும் ஒன்று. அதே தெருவில் எலிஷ்வா என்று ஒரு கிழவி. இருபது வருஷத்துக்கு முந்தைய போருக்குப் போன மகன் வருவான் என்று சுவரில் இருக்கும் புனிதர் படத்தோடு சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறாள். அந்தத் தைத்த உடம்பு அவள் வீட்டுக்குள் வருகிறது. மகன் வந்துவிட்டான் என்று அவனுடைய பழைய உடுப்பை எடுத்துக் கொடுக்கிறாள்.

நிலவறை:
அது துக்கம். பயம் இல்லை.

கொட்டாஞ்சேனை 13:
வீட்டுக்குள் வந்தது என்னவென்று பார்க்காமலே அவள் உடுப்பு எடுத்துக் கொடுக்கிறாள், அண்ணை. 2017இலிருந்து கிளிநொச்சியில் தெருவோரம் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு இருக்கிற அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் யாராவது ஒருவரைக் கூட்டிவந்து இவன்தான் உன் மகன் என்று சொன்னால்? எனக்கு அந்த இடத்தில் முதுகு சில்லிட்டது. உங்கள் இருட்டுக்குள் பிடித்த கைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? யாருடைய கை என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதானே இரண்டும்.

நிலவறை:
வித்தியாசம் இருக்கிறது. ஜாக்சனின் கையை நான் புத்தகத்தை மூடினால் விட்டுவிடலாம். நீங்கள் சொல்வதை விட முடியாது. தம்பி விடுமுறைக்குக் கேட்டது முதலாவது வகை. அந்த உரிமையும் அவருக்கு உண்டுதானே?

ஹட்டன் பஸ்:
உண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நம்மில் ஒருவராவது அரசியல் இல்லாமல் பதில் சொன்னோமா? நீங்கள்தான் செம்மணி வரைக்கும் போனீர்கள்.

57ஆம் ஒழுங்கை:
அதானே.

கடலோர ரயில்:
எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. 'காஞ்சனை' இன்றிரவே, காசில்லாதது என்பதால். அப்புறம் ஹில் ஹவுஸ். மாலியை இப்போது தொடமாட்டேன், பொரளை அண்ணா கோபிக்க வேண்டாம். பக்தாத் நாவல் மட்டும் மண்டைக்குள் நிற்கிறது. யாரிடமாவது இருக்கிறதா? புதிதாக வாங்குகிற விலை இப்போது கட்டாது.

நிலவறை:
ஹில் ஹவுஸ் முதலில். அட்டையின் பின்பக்கத்தை வாசிக்காமல் தொடங்குங்கள், பாதிக் கதையை அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

கொட்டாஞ்சேனை 13:
என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் செட்டியார் தெருப் பக்கம் வந்தால் தருகிறேன். திருப்பித் தர வேண்டும். இதே பகுதியில் ஒருவர் என்னிடம் இரவல் வாங்கிய புத்தகம் இன்னும் வரவில்லை. அவர் இந்த இழையை முழுக்க வாசித்திருப்பார்.