பழைய மாருதி 800-ல் நீலப் புகை: டப்பா மருந்து ஊற்றலாமா, எஞ்சினை இறக்கலாமா?

ஏற்காடு_அடிவாரம் (கேள்வி)

வணக்கம். அப்பா 1996-ல் எடுத்த மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, இன்னமும் வீட்டில் ஓடுகிறது. ஆர்சி புதுப்பிக்க அடுத்த மாதம் எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்று சோதனைக்கு, கொண்டுபோக வேண்டும், அதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலமாகக் குப்பென்று ஒரு புகை வந்து அரை நிமிடத்தில் நின்றுவிடும். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் இரண்டாவது கியரில் இறங்கி வந்து அடிவாரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் வருகிறவர் ஒதுங்கிப் போகிற அளவுக்குப் புகை. சமவெளியில் ஓட்டும்போது கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. ஆயில் 1000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ அரை லிட்டர் குறைகிறது. அப்புறம், சிக்னலில் ஸ்லோ ஸ்பீடு நிற்காமல் ஆஃப் ஆகிறது, சில நாள் நிறுத்தி வைத்து எடுத்தால் இன்னும் மோசம்.

மெக்கானிக் எஞ்சினை இறக்கி ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்யச் சொல்கிறார். ஸ்பேர் கடைக்காரரோ புகை நிறுத்தும் டப்பா, எஞ்சினை உள்ளே கழுவும் ஃபிளஷ், பெட்ரோல் டேங்கில் ஊற்றும் பாட்டில் என்று மூன்றையும் எடுத்து வைத்துவிட்டார். எதை நம்புவது?

பட்டறை_ஆத்தூர்

தம்பி, இரண்டுக்கும் இப்போது பணம் கொடுக்காதீர்கள். ஆயில் எந்த வழியாக எரிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும், நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுக் கியரில் இறங்கும்போது திராட்டில் (காற்று போகும் கதவு) மூடியிருக்கும், மேனிஃபோல்டில் (சிலிண்டருக்குக் காற்று போகும் குழாய்) வாக்குவம், அதாவது உறிஞ்சும் இழுவை, ஏறும். வால்வு தண்டின் சீல் ரப்பர் கெட்டியாகிப் போயிருந்தால் அந்த இழுவையில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் இருக்கும் ஆயில் வால்வு கைடு வழியாகக் கீழே கசியும். அடிவாரத்தில் மிதிக்கும்போது சேர்ந்தது எல்லாம் ஒரேயடியாக எரிகிறது. ராத்திரி முழுக்கச் சொட்டிய ஆயில்தான் காலையில் வரும் அந்த ஒரு குப்பு. பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி இப்படிச் செய்யாது, அது ஏற்றத்தில், லோடில், மிதிக்க மிதிக்க விடாமல் புகைக்கும்.

ஆனாலும் என் பேச்சை நம்பி ஹெட்டைக் கழற்ற வேண்டாம். மூன்று பிளக்கையும் கழற்றிக் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் அளவு குறைந்தால் பிளக் ஓட்டை வழியே ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், அசையாமல் நின்றால் வால்வு. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வும் அதன் ஹோசும் அடைத்திருந்தாலும் ஆயில் குடிக்கும், கையோடு அதையும் பார்த்துவிடுங்கள். இது எதையும் பார்க்காமல் ரீபோர் என்று சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஃபிளஷ் கண்டிப்பாக வேண்டாம். இவ்வளவு வருடம் அடியில் படிந்த கசடு மொத்தமாகக் கழன்று வந்தால் ஆயில் பம்பின் ஸ்டிரெயினரில் போய் அடைக்கும். பிரஷர் போனால் பேரிங் போகும், அப்போது நிஜமாகவே எஞ்சினை இறக்க வேண்டி வரும். நல்ல ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றினால் கசடு தானே மெதுவாகக் கரையும்.

எஸ்டீம்_கோவை

மன்னிக்கவும் அண்ணா, இதில் எனக்கு உடன்பாடில்லை. என் மாருதி எஸ்டீம் காரில் புகை நிறுத்தும் டப்பா ஊற்றினேன், நிஜமாகவே புகை குறைந்தது. ஒன்றுமே இல்லை என்று எப்படித் தள்ளிவிட முடியும்?

மணலி_கிரேடு

குறைந்திருக்கும். ஆயில் கலக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் காரணம் சொல்கிறேன். அந்த டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது ஆயிலைக் கெட்டியாக்கும் பாலிமர். கெட்டியான ஆயில் சீல் இடுக்கில் மெதுவாகக் கசியும், அதனால் புகை குறையும். ஆனால் ஓட ஓடப் பாலிமர் அறுபட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும். கெட்டியான கிரேடான 20W-50 ஆயில் ஊற்றினாலே அந்தப் பலன் கிடைக்கும், அதுவும் முறையாகச் சோதித்துச் செய்த கலவையாக. சில டப்பாக்களில் ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும் எஸ்டர் இருக்கும். லேசாக இறுகிய சீலுக்கு அது உதவலாம். வெடித்த சீலை ஒட்ட வைக்காது.

இன்னொரு கணக்கு. 800-ன் சம்பில் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பிடிப்பது சுமார் மூன்று லிட்டர். அதில் 300 மில்லி டப்பா என்றால் பத்தில் ஒரு பங்கு. நல்ல ஆயிலில் கசடைக் கழுவும் டிடர்ஜென்ட், தேய்மானம் தடுக்கும் துத்தநாக பாஸ்பரஸ் கலவை எல்லாம் அளந்து சேர்த்திருப்பார்கள், அந்த அளவை ஏன் கலைக்க வேண்டும்? பழைய எஞ்சினுக்குத் துத்தநாகம் போதவில்லை என்று தனிப் பாட்டில் விற்கிறார்கள். பாஸ்பரஸுக்கு 0.08 சதவீத உச்சவரம்பு 5W-30 மாதிரியான மெல்லிய கிரேடுகளுக்குத்தான், 20W-50-க்கு அந்த வரம்பு இல்லை, அதனால் அந்தத் தனிப் பாட்டில் தேவையில்லை.

டெஃப்லான் துகள் கலந்த ஸ்லிக் 50 அமெரிக்காவில் எவ்வளவு விற்றது! தேய்மானம் குறையும் என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு வணிக ஆணையம் 1996-ல் நடவடிக்கை எடுத்தது, 1997-ல் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

பெட்ரோல் பாட்டில் விஷயம் வேறு. பாலிஈதர்அமீன் இருக்கும் கிளீனர் இன்ஜெக்டரிலும் இன்டேக் வால்விலும் படியும் கரியை உண்மையிலேயே கழுவும். இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ வண்டிக்கு எப்போதாவது ஒரு பாட்டில் ஊற்றுவதில் தப்பில்லை. உங்களுடையதில் இன்ஜெக்டரே கிடையாது. ஸ்லோ ஜெட்டில் (ஸ்லோவில் பெட்ரோல் வரும் சின்ன ஓட்டை) பழைய பெட்ரோல் காய்ந்த வார்னிஷ் அடைத்திருந்தால் கார்புரேட்டரைக் கழற்றி ஸ்பிரே அடித்துக் காற்று ஊதுவதுதான் வழி.

அம்பாசிடர்_மார்க்4

எல்லாப் பாட்டிலையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். என்னுடையது 1489 சிசி அம்பாசிடர். இரும்பு ஹெட், வால்வு சீட் அந்த இரும்பிலேயே வெட்டியது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு படலமாகக் காத்துக்கொண்டிருந்தது. அது இல்லாமல் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டினால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், டேப்பெட் இடைவெளி குறையும். அதற்கு ஈய மாற்று பாட்டில் வேலை செய்கிறது. நிரந்தரத் தீர்வு லேத்தில் கொடுத்துக் கடின சீட் வளையம் இறக்குவது. 800-க்கு இந்தக் கவலை கிடையாது, அது அலுமினிய ஹெட், வளையம் கம்பெனியிலேயே இறக்கியிருக்கும்.

ஏற்காடு_அடிவாரம்

எல்லோருக்கும் நன்றி. கம்ப்ரஷன் பார்த்தாயிற்று: மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஆயில் விட்டுப் பார்த்தும் பெரிதாக ஏறவில்லை. பிசிவி ஹோஸ் பாதி அடைப்பு. ஹெட்டைக் கழற்றி வால்வு சீல் ஆறையும் மாற்றினோம், பழையதை நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. காலைப் புகை நின்றுவிட்டது, மலை இறங்கியும் பார்த்தேன், சுத்தம். கார்புரேட்டரும் கழுவியாயிற்று. ஆனால் ஸ்லோ ஸ்பீடு இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறது. இது 20 சதவீதம் எத்தனால் கலந்த E20 பெட்ரோலாலா? அதற்கு ஒரு பாட்டில் இருக்கிறது என்கிறார்கள்.

மணலி_கிரேடு

எந்தப் பாட்டிலும் பெட்ரோலில் இருக்கும் எத்தனாலை வெளியே எடுக்காது. பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, கலவை லீனாகி (காற்றுக்குப் பெட்ரோல் போதாமல்) ஸ்லோவில் தடுமாறும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். தண்ணீர் அதிகமானால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், நிறுத்தி வைத்த வண்டி மோசமாக ஓடுவதற்கு அதுவும் காரணமாகலாம்.

பட்டறை_ஆத்தூர்

மிக்சர் ஸ்குரூவை ஒரு நூல் ரிச் பக்கம் (பெட்ரோல் கூடும் பக்கம்) திருப்பி, ஸ்லோவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். வண்டியைச் சும்மா நிறுத்தாமல் வாரம் ஒருமுறையாவது நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் எல்லாம் எத்தனாலுக்கு முந்தைய காலத்தது, ஊறி வெடித்தால் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் சொட்டும். டப்பாவுக்கு வைத்திருந்த பணத்தில் முதலில் அதை மாற்றுங்கள்.

ரிச் பண்ணும்போது புகைச் சோதனைக் கருவி வைத்தே பண்ணுங்கள். உங்கள் காலத்து வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரை விடுவார்கள், அதைத் தாண்டிவிடக் கூடாது. எஃப்சி அன்று பக்கத்துத் தெருவிலிருந்து குளிர்ந்த எஞ்சினோடு போய் நிற்காமல் ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் போங்கள்.