குண்டு எழுத்துரு: தலைப்போடு நிறுத்துவதா, உள்ளேயும் போடலாமா?

வளைகோடு:
சிறுவர் விளையாட்டுச் செயலி ஒன்றின் முகப்புத் தலைப்புக்கு 'பலூ தம்பி' என்ற தமிழ் ஃபான்டைப் போட்டேன். தடித்த கோடு, உருண்ட முனை, பார்த்தாலே உற்சாகம். திறந்த உரிமம் வேறு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அப்புறம் உள்ளே வரும் விளக்கங்களுக்கு எதற்கு இன்னொரு ஃபான்ட்? இதையே எல்லாவற்றுக்கும் வைத்துவிடலாம் என்கிறேன்.

முச்சுழி:
வேண்டாம். அந்தத் தடிமனில் 'கண்ணன்' என்று 14 பிக்சலில் அடித்துப் பாருங்கள். சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைத்துக்கொள்ளும். ண எது, ன எது என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

நேர்கோடு:
எனக்குத் தலைப்பிலேயே பிடிக்கவில்லை. எந்தச் செயலியைத் திறந்தாலும் இதே கொழுகொழு முகம். விளையாட்டுத்தனமான எழுத்து விஷயத்தையே விழுங்கிவிடும். 2012இல் செர்ன் ஆய்வுக்கூடம் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது சில ஸ்லைடுகள் காமிக் சான்ஸ் என்ற விளையாட்டு ஃபான்டில் இருந்தன. இணையத்தில் பாதிப் பேர் துகளை விட்டுவிட்டு ஃபான்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

வளைகோடு:
காமிக் சான்ஸ் கையெழுத்துச் சாயல், அது வேறு ஜாதி. முனை உருண்டாலே சிறுபிள்ளைத்தனம் என்றால், ஃபோக்ஸ்வாகன் 1979இல் தனக்கென்று வேக் ரவுண்டட் என்ற உருண்ட முனை ஃபான்டைச் செய்துகொண்டிருக்குமா? ஆப்பிள் கீபோர்டுகளிலும் பல வருடங்கள் அதுதான் இருந்தது. அதுவும் பொடி எழுத்தில்!

முச்சுழி:
அந்த உதாரணம் உங்களுக்கே எதிரானது நண்பரே. கீபோர்டில் இருந்தது மெல்லிய கோடு. உருண்டை மேல் எனக்கு வழக்கு இல்லை, தடிமன் மேல்தான்.

முனை அரைவட்டமாக முடிந்தால் கோடு கண்ணுக்குக் குட்டையாகத் தெரியும். அதனால் ஃபான்ட் வடிவமைப்பவர்கள் அதைக் கொஞ்சம் நீட்டி வரைவார்கள். இரண்டு தடித்த கோடுகள் சேரும் மூலை கறுத்துத் திரளும், அங்கே கொஞ்சம் செதுக்குவார்கள். ணகரத்தின் உள்கோடுகளை மட்டும் மெலிய வைப்பார்கள், இல்லாவிட்டால் எழுத்து பக்கவாட்டில் ஊதிவிடும். இந்த வேலைப்பாடெல்லாம் 80 பிக்சலில்தான் எடுபடும். 14இல் குண்டு மட்டும் மிஞ்சும்.

வளைகோடு:
சரி, 'பலூ தம்பி 2'இல் 400 முதல் 800 வரை எடை, அதாவது கோட்டுத் தடிமன், இருக்கிறதே. தலைப்புக்கு 800, உள்ளே 400. ஒரே குடும்பம், பிரச்சினை தீர்ந்தது.

முச்சுழி:
பட்டனுக்கும் இரண்டு வரிக் குறிப்புக்கும் சரி. பத்தி பத்தியாகப் போனால் 400இலும் கண் அலுக்கும் என்பது என் கட்சி.

நேர்கோடு:
அளவு, எடை எல்லாம் இருக்கட்டும். 'உங்கள் கணக்கு நீக்கப்பட்டது' என்ற செய்தியும் இதே சிரித்த முகத்தோடா வரும்?

வளைகோடு:
அது நியாயம். எச்சரிக்கைகளுக்கு வேறு ஃபான்ட் போடுகிறேன். தலைப்பில் மட்டும் கை வைக்க மாட்டேன்.

நேர்கோடு:
தலைப்பைத்தானே நான் முதலில் சொன்னேன்!