செக்டாரை எச்/வி-யிலிருந்து ±45-க்கு மாற்றினால் நாய்ஸ் குறையுமா?

உப்பளக்கரை:
வணக்கம். வீடுகளுக்கு ரேடியோ வழியாக இன்டர்நெட் கொடுக்கிறேன். 30 மீட்டர் டவர், 5.8 கிகாஹெர்ட்ஸ், நாலு 90 டிகிரி செக்டார் (ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும் ஆன்டெனா), நாலுமே எச்/வி டூயல் போலரைசேஷன் (அலை கிடைமட்டம், செங்குத்து என இரண்டு வாட்டத்திலும் போகும்). 2 முதல் 7 கிலோமீட்டருக்குள் 35 கஸ்டமர். சேனல் அகலம் 40 மெகா. சாயங்காலமானால் டவுன்லோடு பரவாயில்லை, அப்லோடு படுத்துவிடுகிறது. சிக்னல் −62, அது அசைவதே இல்லை. சுற்றிலும் மூன்று ஐஎஸ்பி (இன்டர்நெட் நிறுவனம்), எல்லாருமே எச்/வி. ±45 சாய்வு செக்டார் (அந்த இரண்டு வாட்டமும் 45 டிகிரி சாய்ந்தது) போட்டால் அவர்கள் நாய்ஸ் நம்மைத் தொடாது என்கிறார் ஒரு விற்பனையாளர். வீட்டு ரேடியோக்களைத் தொடாமல் செக்டாரை மட்டும் மாற்றலாமா?

இன்னொன்று. 9 கிலோமீட்டர் பேக்ஹால் (டவருக்கு இன்டர்நெட் கொண்டுவரும் லிங்க்) ஒன்று உப்பளத்துக்கு மேலே போகிறது, இரண்டு முனையும் 30 மீட்டர். விடியற்காலையில் 15 டெசிபல் வரை ஆடுகிறது. வெர்டிகல் மட்டும் வைத்தால் நிற்குமா?

செயின்ஜீரோ:
அப்லோடு மட்டும் விழுகிறது என்றால் நாய்ஸ் உங்கள் செக்டாருக்குத்தான் கேட்கிறது, வீட்டு ரேடியோவுக்கு இல்லை. கவனம் டவர் மேலேயே இருக்கட்டும்.

±45 பற்றிச் சொன்னது பாதி உண்மை. பக்கத்து ஐஎஸ்பி வெர்டிகலில் மட்டும் அனுப்பினால், உங்கள் சாய்வு போர்ட் ஒவ்வொன்றும் அதில் பாதியைத்தான் வாங்கும்: 3 டெசிபல் லாபம். ஆனால் இன்று எல்லாரும் 2×2, அதாவது எச், வி இரண்டிலும் ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். அவர்களுடைய எச்-இல் பாதியும் வி-யில் பாதியும் ஒரே போர்ட்டில் வந்து சேரும். கூட்டிப் பாருங்கள், பழைய அளவேதான். 20 டெசிபலுக்கு மேல் பிரிவு கிடைப்பதெல்லாம் நீங்கள் வி மட்டும், அவர் எச் மட்டும் என்றிருந்த சிங்கிள் போல் கிரிட் ஆன்டெனாவுக்கு. அங்கேகூட டிஷ் 5 டிகிரி திரும்பியிருந்தால் பிரிவு 21 டெசிபலைத் தாண்டாது. 10 டிகிரி என்றால் 15தான்.

செக்டாரை மட்டும் மாற்றினால் லிங்க் அறுந்துபோகாது. 3 டெசிபல் போய்விடும் என்பது ஒற்றைச் செயின் ரேடியோவுக்குப் பொருந்தும் (செயின் என்பது ஒரு போலரைசேஷனுக்கான ரேடியோ பாதை). 2×2 சிப்பில் ஒவ்வொரு ஸ்ட்ரீமும் (தனித் தரவு ஓட்டமும்) இரண்டு செயினிலும் பாதிப் பாதியாக விழும். சிப் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொள்ளும். சிக்னல் அளவில் வித்தியாசமே தெரியாது. ஏற்கெனவே ஒரு செயின் பலவீனமாக இருக்கும் வீட்டில் மட்டும் இரண்டு ஸ்ட்ரீமும் சேர்ந்து அடிவாங்கும், முன்பு ஒன்றோடு போனது.

அந்தக் காசை வேறு இடத்தில் போடுங்கள். முதலில் காசே இல்லாத வேலை: சாயங்காலம் ஒவ்வொரு செக்டாரிலிருந்தும் ஸ்பெக்ட்ரம் ஸ்கேன் எடுங்கள். 5470–5725 பட்டையும் 2018-லேயே உரிமம் நீக்கப்பட்டதுதான். அங்கே இடம் இருந்தால் நகருங்கள், டிஎஃப்எஸ்ஸை (ரேடாரைக் கண்டால் சேனலை விட்டு விலகும் வசதி) அணைக்காமல். 40 மெகாவை 20 ஆக்கினால் உச்ச வேகம் பாதியாகும், ஆனால் எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள இடைவெளி) 3 டெசிபல் ஏறும். நெரிசலில் திணறும் அப்லோடுக்கு அது பெரிய விஷயம். அதற்கும் சரிவராவிட்டால் மிக மோசமான ஒரு செக்டாரை மட்டும் ஹார்னாக (கூம்பு வடிவ ஆன்டெனா) மாற்றிப் பாருங்கள். செக்டார் ஆன்டெனாவின் பக்க லோப் (பார்க்கும் திசைக்கு வெளியே உள்ள கசிவு) வழியாக நுழைவதை ஹார்ன் பெருமளவு தடுக்கும். ஹார்னும் எச்/வி-யாகவே இருக்கட்டும்.

இருகதிர்:
பேக்ஹால் விஷயத்துக்கு வருகிறேன். உப்பளத் தண்ணீரில் பட்டுத் திரும்பும் கதிர்தான் ஆட்டுகிறது. வெர்டிகலில் பிரதிபலிப்பு குறையும் என்பது சரி, ஆனால் நன்றாகக் குறைவது கதிர் நீரை 6 டிகிரி அளவில் தொடும்போது. உங்கள் கணக்கில் அந்தக் கோணம் 60 மீட்டர் ÷ 9000 மீட்டர், அதாவது 0.4 டிகிரிகூட இல்லை. அந்தக் கோணத்தில் எச்-க்குப் பிரதிபலிப்பு கிட்டத்தட்ட 1, வி-க்கு சுமார் 0.9. வி மட்டும் வைத்தாலும் சிக்னல் விழும் பள்ளம் 20 டெசிபல்வரை போகலாம். ஒரு ஸ்ட்ரீமை இழந்ததுதான் மிச்சமாகும்.

மருந்து உயரத்தில் இருக்கிறது. அலைநீளம் × தூரம் ÷ (2 × எதிர்முனை உயரம்) = அடுத்தடுத்த பள்ளங்களுக்கிடையே உள்ள உயரம். 0.052 × 9000 ÷ 60 = 7.8 மீட்டர். அதில் பாதி, ஏறத்தாழ 4 மீட்டர், ஒரு முனையின் டிஷ்ஷை இறக்கினால் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வருவீர்கள். விடியலில் காற்றடுக்கு மாறும்போது பள்ளமும் நகரும். அதனால் வெறுமனே 4 மீட்டர் இறக்குவதைவிட, கரையோரக் கட்டடமோ உயரமான வரப்போ நீர்ப்பரப்பை மறைக்கிற அளவுக்கு ஒரு டிஷ் இறங்க முடியுமா என்று பாருங்கள். நேர்க்கதிரின் ஃப்ரெனல் வட்டம் (கதிரைச் சுற்றித் தடையில்லாமல் இருக்கவேண்டிய இடம்) மட்டும் தப்பவேண்டும். நடுவழியில் அதன் ஆரம் சுமார் 11 மீட்டர்.

மழைக்கு வெர்டிகல் நல்லது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மேல் பட்டைகளுக்கு: 18 கிகாவில் மணிக்கு 100 மி.மீ. மழை அடித்தால் கிலோமீட்டருக்கு எச்-இல் சுமார் 10, வி-யில் 8 டெசிபல் போகும். 5.8-இல் அதே மழைக்குக் கிலோமீட்டருக்கு ஒரு டெசிபல்கூடப் போகாது.

உப்பளக்கரை:
ரொம்ப நன்றி. பலவீனமான செயின் என்றதும் பார்த்தேன், ஐந்து வீட்டில் இரண்டு செயினுக்கும் 8 டெசிபல் வித்தியாசம் காட்டுகிறது. எதைச் சந்தேகிப்பது?

செயின்ஜீரோ:
3 டெசிபல்வரை விட்டுவிடலாம், 8 கூடாது. ஐந்தும் ஒரே செக்டாரில் இருந்து, எல்லாவற்றிலும் ஒரே செயின் குறைந்தால் டவரில் அந்த செக்டாரின் பிக்டெயிலை (ரேடியோவை ஆன்டெனாவோடு இணைக்கும் குட்டைக் கேபிள்) கழற்றிப் பாருங்கள். கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கும், கடற்கரைக் காற்றுக்கு அது சகஜம்.

வெவ்வேறு செக்டார் என்றால் வீட்டில் சோதியுங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தி, நேர்கோடு மாறாமல் ரேடியோவை 90 டிகிரி உருட்டுங்கள். பலவீனம் அதே செயினிலேயே நின்றால் ரேடியோ அல்லது ஃபீடு பழுது. அடுத்த செயினுக்குத் தாவினால் ரேடியோ நன்றாக இருக்கிறது, கோளாறு வழியில். மொட்டை மாடியில் நெருக்கமான நிற்கும் கம்பி கிராதிக்குப் பின்னால் ரேடியோவைக் கட்டியிருந்தால் வெர்டிகல் மட்டும் அடிவாங்கும். கம்பிக்கு மேலே தூக்கினாலே போதும். சோதனை முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பி, பைப்பில் ரசமட்டம் வைத்துப் பார்த்து இறுக்குங்கள்.