ஓ/எல் முடியுமட்டும் பிள்ளைக்குப் போன் வேண்டாமா?

கனகராயன்:
வன்னியில பிள்ளை வளர்க்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன். பதினோராம் ஆண்டில எழுதுற ஓ/எல் சோதினை முடியுமட்டும் பிள்ளைக்குச் சொந்தப் போன் வேண்டாம். பள்ளிக்கூட வேலைக்கு அம்மாவின்ர போன் காணும்.

பாலியாறு:
அண்ணை, அம்மாவின்ர போன்தான் பெரிய ஓட்டை. போன் வாங்கேக்க கூகிள் கணக்கைக் கடையிலயே திறந்து குடுத்தா, கடவுச்சொல் கடைக்காரருக்கும் தெரியும். படங்களைத் தானாச் சேமிக்கிற கூகிள் போட்டோஸ் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தா, பிள்ளை எடுக்கிற படமெல்லாம் அந்தக் கணக்குக்குத்தான் போகுது. கடவுச்சொல் தெரிஞ்ச ஆள் வேற போனில இருந்து பார்க்கலாம்.

செட்டிங்ஸில கூகிள் கணக்குக்குள்ள போய், பாதுகாப்புப் பகுதியில முதல்ல மீட்பு நம்பரையும் மீட்பு மின்னஞ்சலையும் பாருங்கோ. கடைக்காரற்ற நம்பர் அதில நிண்டா, நீங்கள் மாத்திற கடவுச்சொல்லையும் அதால திரும்ப மாத்தேலும். அந்த நம்பரை நீக்கின பிறகு கடவுச்சொல்லை மாத்துங்கோ. கணக்குத் திறந்திருக்கிற போன்களின்ர பட்டியலும் அங்கயே இருக்கு. தெரியாதது எல்லாத்தையும் வெளியேத்துங்கோ.

பிறந்த ஆண்டைப் பிழையாப் போடுறதும் அப்பிடித்தான். 14 வயசுப் பிள்ளைக்கு 1995 எண்டு போட்டுத் திறந்த இன்ஸ்டகிராம் கணக்குக்கு, 2024இல வந்த பதின்ம வயதினர் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. தெரியாத ஆளும் செய்தி அனுப்பலாம்.

கனகராயன்:
தோட்டத்தால வந்து சமைக்கிற தாய் இவ்வளவும் செய்வாவோ? "வேண்டாம்" எண்டது ஒரு சொல்லு, ஆருக்கும் விளங்கும்.

நந்திக்கடல்:
வகுப்பு வட்ஸ்அப் குழுவை விட்டிட்டியள். அதில எல்லாற்ற நம்பரும் எல்லாருக்கும் தெரியும், இணைப்பை ஆரும் வெளியில அனுப்பலாம். அட்மின் புது ஆக்களுக்கு ஒப்புதல் கேட்கிற அமைப்பைப் போட்டு, பழைய இணைப்பை ரீசெற் பண்ண வேணும். அறிவித்தலுக்கு எண்டா வட்ஸ்அப்பில இருக்கிற 'கொம்யூனிற்றி' வசதி நல்லது, அதின்ர அறிவித்தல் குழுவில ஒருத்தற்ற நம்பர் மற்ற உறுப்பினருக்குத் தெரியாது.

பாலியாறு:
கனகராயன் அண்ணை, உங்கட "வேண்டாம்" எனக்குப் பயமாக் கிடக்கு. ஒளிச்சு வைச்சிருக்கிற போனில படத்தைக் காட்டி ஒருத்தன் மிரட்டினா, பிள்ளை வீட்டில வாய் திறக்காது. தன்ர போனுக்குக் காசு ரீலோட் போடு எண்டுவான், போட்டா இன்னும் கேப்பான். ஒரு சதமும் குடுக்கக் கூடாது. பயத்தில செய்தியளை அழிக்கவும் கூடாது. அவன்ர கணக்கின்ர இணைப்பு, நம்பர், திகதி தெரிய ஸ்கிரீன்சொட் எடுத்து வைச்சுக்கொண்டு 1929க்கு அடிக்க வேணும். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர இலக்கம்.

18 வயசுக்குக் கீழ எடுத்த அந்தரங்கப் படமெண்டா 'ரேக் இற் டவுன்' எண்ட இலவசச் சேவை இருக்கு. படம் போனை விட்டுப் போகாது, கைரேகை மாதிரி ஒரு குறிதான் போகும். அதை வைச்சு பேஸ்புக், இன்ஸ்டகிராம், ரிக்ரொக் தேடித் தடுக்கும். படத்தை வெட்டித் திருத்தினா குறி பொருந்தாமப் போகலாம். வட்ஸ்அப் தனிச்செய்தியில சுத்துறதையும் அது பிடிக்காது. அதால, பிள்ளை முதல் நாளே சொல்லுறதுதான் முக்கியம்.

கனகராயன்:
முதல் நாளே சொல்ல வேணும் எண்டதை ஏற்கிறன். ஆனா சொந்தப் போன் விசயத்தில நான் மாறேல்லை. குடுக்கிற வீடுகளிலயாவது, இரவு 9 மணிக்குப் பிறகு போன் தாயின்ர அறையில சார்ஜில கிடக்கட்டும்.

பாலியாறு:
அதுக்கு நான் மறுப்பில்லை. போனைத் திறக்கிற PIN நம்பர் தாய்க்கும் தெரிஞ்சிருக்கட்டும், கடைக்காரருக்குத் தெரியக்கூடாது.